கிராமமும் தோட்டமும்: கண்டிப் பிரதேசத்தில் வளர்ந்த சமூகவியற் சிந்தனை பற்றிய ஒரு நோக்கு

சமூகத்தைப் பற்றிச் சிந்திக்காத மனிதக் கூட்டம் எதுவுமில்லை. உறவு இன்னது, சாதி இன்னது, கடமை இன்னது என ஒவ்வொரு சமூகமும் தன்னைப் பற்றித் தானே ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டே வாழ்கின்றது. ஆயின், அவ்விளக்கம் எவ்வாறு தோன்றியது, யாருக்குப் பயன்படுகின்றது, அதற்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்னும் வினாக்கள் முறையாக எழுப்பப்படும்போதே சமூகவியல் தொடங்குகின்றது. கார்ல் மார்க்ஸ், எமில் துர்க்கைம், மக்ஸ் வெபர் ஆகிய மூவரும் இவ்வினாக்களை ஐரோப்பியக் கைத்தொழிற் சமூகத்தை முன்வைத்து எழுப்பினர். அவை கண்டி மலைகளை வந்தடைந்தபோது யாரை நோக்கின, யாரை நோக்காது விட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியைச் சூழவுள்ள நிலத்தில் இருவகைக் குடியிருப்புகள் அருகருகே அமைந்துள்ளன. பள்ளத்தாக்கில் வயலும் வீட்டுத் தோட்டமும் விகாரையும் கொண்ட சிங்களக் கிராமம். அதற்கு மேலே மலைச்சரிவில் தேயிலையும் லயமும் மாரியம்மன் கோயிலும் கொண்ட தோட்டம். ஹந்தானையிலும் ஹேவாஹெட்டையிலும் தெல்தோட்டையிலும் கம்பளையிலும் இவையிரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் ஓர் ஓடையோ வேலியோ மட்டுமே. எனினும், இப்பிரதேசத்தில் வேரூன்றிய சமூகவியல் நீண்டகாலமாகக் கிராமத்தையே சமூகம் எனக் கண்டது. தோட்டம் பொருளாதாரத்தின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. இப்பிரிவினை இயற்கையானதன்று, அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாது கோட்பாடுகளைக் கற்பதால் அதிக பயன் விளைவதில்லை.

பதிவேடுகளின் காலம்

கண்டியச் சமூகத்தைப் பற்றிய அந்நியர் எழுத்துக்களுள் விரிவும் புகழும் மிக்கது ரொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலாகும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த அவர், அங்குள்ள சாதிகளையும் வேளாண்மை முறையையும் குடும்ப வழக்கங்களையும் விவரித்தார். 1815 மார்ச் 2 ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட கண்டிய உடன்படிக்கையின் பின் ஜோன் டொயிலி இராச்சியத்தின் அரசமைப்பையும் வழக்காறுகளையும் தொகுத்தெழுதினார். நிலத்தைப் பெற்றவர் அதற்கு ஈடாகச் சேவை புரிய வேண்டும் என்ற இராசகாரிய முறையும், அச்சேவையோடு பிணைந்திருந்த சாதி ஒழுங்கும் இவ்வெழுத்துக்களில் இடம்பெற்றன. ஆட்சி நடத்துவதற்கு வழக்காற்றை அறிந்திருத்தல் ஆட்சியாளருக்கு அவசியமாயிற்று.

தோட்டத்தின் பதிவுகள் வேறு வகையானவை. 1820 களில் ஆளுநர் எட்வேட் பான்ஸ் கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1840 இன் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரமற்ற காட்டு நிலமும் சேனை நிலமும் முடிக்குரியன என்ற அனுமானத்தை நிலைநாட்டியது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையையும் கண்டியையும் நடந்தடைந்த தொழிலாளர் அந்நிலங்களிற் கோப்பியை வளர்த்தனர். வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். இம்மக்கள் அரசாங்கத்தின் ஏடுகளில் வந்தோர், சென்றோர், இறந்தோர் என்ற எண்ணிக்கைகளாயினர். துரைமாரின் ஏடுகளில் நாட்சம்பளக் கணக்காயினர். கிராமத்திற்கு ‘வழக்கம்’ இருந்தது. தோட்டத்திற்குக் ‘கணக்கு’ மட்டுமே இருந்தது. பிற்காலச் சமூகவியல் இவ்வேறுபாட்டையே தனது தொடக்க மூலதனமாகப் பெற்றது.

பல்கலைக்கழகத்திற் சமூகவியல்

1942 இல் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தில், 1940 களின் பிற்பகுதியில் அமெரிக்கரான பிறைஸ் றயன் சமூகவியற் போதனையைத் தொடக்கிவைத்தார். 1953 இல் வெளிவந்த ‘நவீன இலங்கையிற் சாதி’ என்னும் அவரது நூல், சிங்களச் சாதியமைப்பு மாறிவருவதை ஆராய்வது எனத் தன் எல்லையைத் துணைத்தலைப்பிலேயே வகுத்துக்கொண்டது. 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. றல்ப் பீரிஸ் 1956 இல் வெளியிட்ட கண்டியர் காலச் சிங்களச் சமூக அமைப்புப் பற்றிய நூல், டொயிலி முதலியோரின் ஆவணங்களைச் சமூகவியற் கண்ணோட்டத்தில் ஒழுங்குபடுத்தியது. மறு ஆண்டில் என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் பாத்த தும்பறைக் கிராமங்களில் நடத்திய அளவீட்டின் அறிக்கை ‘சிதைவுறும் கிராமம்’ என்ற பெயரில் வெளியாயிற்று. நிலமின்மை, காணி துண்டுபடல், வருமானக் குறைவு ஆகியவை அதில் வீடுவீடாக அளந்து காட்டப்பட்டன.

இக்காலத்திலேயே பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச் உலர்வலயத்துப் புல் எலிய கிராமத்தில் ஆய்வு நிகழ்த்தினார். உறவுமுறை என்பது நிலவுடைமையைப் பற்றிப் பேசும் ஒரு முறையே என்ற அவரது வாதம் 1961 இல் நூலாயிற்று. நூர் யல்மன் வலப்பனைப் பகுதிக் கிராமமொன்றை மையமாகக் கொண்டு 1967 இல் வெளியிட்ட ஆய்வு, சாதியும் திருமணமும் கண்டிய மலைநாட்டில் எவ்வாறு இணைந்து இயங்கின என்பதை விளக்கியது. உலகச் சமூகவியலாளரும் மானிடவியலாளரும் கவனித்த ஒரு களமாக இலங்கைக் கிராமம் உயர்ந்தது.

இவ்வாய்வுகளின் தரம் ஐயத்திற்கிடமற்றது. ஆனால், அவை அனைத்தும் கிராமத்தையே நாடியதற்கான சூழலும் நோக்கற்பாலது. சுதந்திரத்தின் பின் கண்டிய விவசாயியின் வறுமை ஒரு தேசியப் பிரச்சினையாகக் கொள்ளப்பட்டது. 1949 இல் நியமிக்கப்பட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951 இல் அறிக்கை சமர்ப்பித்தது. அரசியல் எழுப்பிய வினாவுக்கே ஆய்வும் விடை தேடியது. அதே காலப்பகுதியில் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழரின் தொகை ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரமாகும். அவர்கள் தேசத்தின் உறுப்பினரல்லர் எனச் சட்டம் கூறிய அதே ஆண்டுகளில், சமூகவியலும் அவர்களைத் தனது சமூகத்தினுள் எண்ணாது விட்டது. கிராமம் பற்றிய நூல்களிலே தோட்டம் தோன்றாமலில்லை. ஆனால், அது கிராமத்தை நெருக்கும் ஒரு புறச்சக்தியாகவே தோன்றியது. அங்கு வாழ்ந்தோருக்கும் உறவும் வழிபாடும் சாதியும் நினைவும் உண்டு என்பது ஆய்வுப் பொருளாகவில்லை.

ஒரே மலைச்சரிவில் மூன்று கோட்பாடுகள்

சமூகவியலின் மூலவர்கள் மூவரையும் தோட்டத்தின் மீது பொருத்திப் பார்ப்பது, அவர்களது வலிமையையும் வரையறையையும் ஒருங்கே புலப்படுத்தும்.

‘மூலதனம்’ முதலாம் பாகம் 1867 இல் வெளிவந்தது. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டதும், கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டிலேயாகும். உற்பத்திச் சாதனங்களிலிருந்து பிரிக்கப்பட்டுத் தன் உழைப்புச் சக்தியை விற்பதற்குச் ‘சுதந்திரம்’ பெற்றவனே தொழிலாளி என மார்க்ஸ் காட்டினார். தோட்டத் தொழிலாளி நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டவன் என்பது உண்மையே. ஆயின், அவன் முன்பணக் கடனாற் கங்காணிக்குக் கட்டுண்டவன். கடன் தீர்ந்ததைக் காட்டும் ‘துண்டு’ இல்லாது வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாதவன். துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. இலண்டன் சந்தைக்கான உற்பத்தி கடனடிமைத் தன்மை வாய்ந்த உறவுகளின் மேல் நின்றது என்பதே கண்டி மலைகள் மார்க்சிய மாணவனுக்கு முன்வைக்கும் சிக்கலாகும்.

வெபரின் வினா வேறு. மனிதர் ஏன் கீழ்ப்படிகின்றனர்? மரபு, தனிமனிதக் கவர்ச்சி, சட்டம் என அதிகாரத்தின் நியாயப்பாட்டை அவர் மூவகைப்படுத்தினார். பெரிய கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் சாதியினரையும் திரட்டி வந்தவன். அவனது அதிகாரம் மரபு சார்ந்தது. ஆயினும், தன் ஆட்களிற் பிரட்டுக்கு வந்து வேலைக்குச் சென்றோரின் எண்ணிக்கைக்கேற்பத் தோட்ட நிருவாகத்திடம் பணம் பெற்றவனும் அவனே. துரையின் ஆணையோ செக்ரோலும் விதிகளும் கொண்ட அலுவலக அதிகாரமாகும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அத்தாங்கல் தளர்ந்ததையும் வரலாறு காட்டுகின்றது. 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்க சம்மேளனமொன்றை அமைத்தார். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். கீழ்ப்படிதல் என்பது இயல்பன்று, அது மீளப்பெறக் கூடியது என்பதை அவ்வேலைநிறுத்தம் உணர்த்திற்று.

துர்க்கைம் எழுப்பிய வினா, மனிதரை ஒன்றுசேர்த்து வைப்பது யாது என்பதாகும். சமயச் சடங்கிலே சமூகம் தன்னைத்தானே உணர்ந்து புதுப்பித்துக்கொள்கின்றது என்றார் அவர். கண்டி எசல பெரகராவை இந்நோக்கில் விளக்குவது எளிது. காமன் கூத்தும் அவ்வாறே விளக்கத்தக்கது. மாசி, பங்குனி மாதங்களில் ரதி மன்மதன் கதை தோட்டத்திலே ஆடப்படும்போது, லயங்களிற் பிரிந்து வாழ்வோர் ஒரு சமூகமாகத் தம்மைக் காண்கின்றனர். துரையின் கணக்கேட்டில் ஆட்பெயராக மட்டுமே இடம்பெற்றவர் அவ்விரவில் தேவராகவும் முனிவராகவும் பாத்திரமேற்கின்றனர். ஆனால், ஒற்றுமையை மட்டும் காணும் கண், கோயில் மரியாதைகளிற் சாதி வரிசை பேணப்பட்டதைத் தவறவிடும். அவ்விடத்தில் துர்க்கைமுக்கு வெபர் துணை செய்ய வேண்டியுள்ளது.

மூவருமே போதிய கவனஞ் செலுத்தாத ஒன்றும் உண்டு. தேயிலைக் கொழுந்தைப் பறிப்போர் பெண்கள். விடியுமுன் அடுப்பு மூட்டி, பகலெல்லாம் கொழுந்தெடுத்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பும் அவர்களது உழைப்பின் ஒரு பாதி எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. ஆண்களுக்குச் சமமான நாட்கூலி அவர்களுக்குக் கிடைத்தது 1984 இலேயே. றேச்சல் குரியன் 1982 இல் வெளியிட்ட தோட்டப் பெண் தொழிலாளர் பற்றிய ஆய்வு, குடும்பத்தினுள்ளும் தோட்டத்தினுள்ளும் செயற்பட்ட ஆணதிகாரத்தை ஒருங்கு நோக்கியது. பழைய கோட்பாடு புதிய வினாவினாலேயே விரிவடைகின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இலக்கியம் வழியே வந்த சமூகவியல்

பேராதனையிற் சமூகவியற் சிந்தனை சமூகவியற் துறையில் மட்டுமே வளர்ந்தது எனக் கொள்ளுதல் தவறாகும். இங்கு தமிழ் பயின்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பின்னர் பேர்மிங்ஹாமில் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு மேற்கொண்டனர். இலக்கியத்தை அதனைத் தோற்றுவித்த சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்கலாகாது என்னும் அவர்களது நிலைப்பாடு, தமிழில் ஒரு தலைமுறை மாணவருக்குச் சமூகத்தைப் பற்றிச் சிந்திக்கக் கற்பித்தது. கைலாசபதியின் நூலொன்றின் பெயரே ‘சமூகவியலும் இலக்கியமும்’ என்பதாகும்.

தோட்டத்தைப் பொறுத்தவரையிலும் இலக்கியமே முந்திக்கொண்டது. 1947 இல் தலவாக்கலைப் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, கவிதையிலும் நாவலிலும் தோட்ட மக்களின் வாழ்வை எழுதியதோடு அவர்களது நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். ஆட்சேர்ப்பு, பயணம், கங்காணியின் கொடுமை, தாய்மையின் துயரம் ஆகியவை அப்பாடல்களில் மக்களின் சொற்களிலேயே உள்ளன. ஆய்வாளர் வினாக்கொத்துடன் தோட்டத்திற்குச் செல்லுமுன்னரே தோட்டம் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தது. கேட்பாரே இருக்கவில்லை.

பிந்திய கோட்பாடுகளும் திரும்பிய பார்வையும்

1970 களிலிருந்து நிலைமை மாறத் தொடங்கிற்று. ஆர். ஜெயராமன் 1975 இல் வெளியிட்ட நூல் மூன்று தேயிலைத் தோட்டங்களிற் சாதி தொடர்ந்து நிலவிய முறையை ஆராய்ந்தது. மேற்கிந்தியப் பொருளியலாளர் ஜோர்ஜ் பெக்போட் 1972 இல், மனநோய் விடுதி, சிறைச்சாலை முதலியவற்றை விளக்க ஏர்விங் கொப்மன் கையாண்ட ‘முழுமை நிறுவனம்’ என்ற கருத்தைப் பெருந்தோட்டத்திற்குப் பொருத்தினார். உறக்கம், உழைப்பு, வழிபாடு அனைத்தும் ஒரே வேலிக்குள் ஒரே அதிகாரத்தின்கீழ் அமைந்த லய வாழ்க்கையை இக்கருத்து பெருமளவு தெளிவாக்குகின்றது. எனினும், வேலி முழுமையாக மூடியதா என்ற ஐயம் எழுவதும் இயல்பே.

அவ்வையத்திற்கு விடையளித்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். பேராதனையிற் கற்பித்து 1988 இல் மறைந்த நியூட்டன் குணசிங்க, கண்டியக் கிராமப்புறத்தில் முதலாளித்துவம் பழைய உற்பத்தி உறவுகளை அழிக்கவில்லை, அவற்றைத் தன் தேவைக்கேற்ப உயிர்ப்பித்துப் பேணியது என வாதித்தார். அவரது ஆய்வு 1990 இல் நூலாக வெளிவந்தது. 1832 இல் இராசகாரியம் ஒழிந்தபோதும் விகாரை நிலங்களிலும் பிரபுக்களின் நிலங்களிலும் சேவைக் கடப்பாடு நீடித்தமை இவ்வாதத்திற்குத் துணையாகின்றது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எரிக் மேயர் 1992 இல் எழுதிய கட்டுரை, தனித்தீவான தோட்டம், அதனால் நெருக்குண்ட கிராமம் என்ற இரட்டைப் படிமமே குடியேற்றவாதக் காலத்தின் ஒரு கற்பிதம் எனச் சுட்டியது. கிராமத்தவர் தோட்டத்தில் வேலை செய்தனர். தோட்டத்தவர் கிராமக் கடையிற் பொருள் வாங்கினர். இருவரையும் பிணைத்த உறவுகள் பல. இவ்விரு வாதங்களையும் சேர்த்து நோக்கின், நிலமற்ற கிராமத்தவனும் கடன்பட்ட தோட்டத் தொழிலாளியும் ஒரே வரலாற்றின் இரு விளைவுகள் என்பது புலனாகும்.

இது நூலறிவு சார்ந்த விடயம் மட்டுமன்று. 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நிலமற்ற கிராமத்தவருக்கு நிலம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால், அதன் பெயரால் கண்டிப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றிலிருந்து வெளியேற்றப்பட்டோர் தலைமுறைகளாக அந்நிலத்தைப் பண்படுத்தியவர்களே. ஏழையின் பசிக்கு மற்றோர் ஏழை விலை கொடுத்தான். கிராமத்தை ஒரு சமூகமாகவும் தோட்டத்தை அதன் எதிர்ப்பொருளாகவும் பிரித்துக் காணும் நோக்கு, அறிவுலகைக் கடந்து கொள்கையாகவும் வன்முறையாகவும் மாறியதன் சாட்சி அது.

தம்பையாவின் அறிவுப் பயணமும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டிக் கலவரம் மூண்டபோது அவர் கல்லோயாப் பகுதியில் மாணவர்களுடன் களஆய்வில் ஈடுபட்டிருந்தார். கிராமத்தின் காணிக் கணக்கை அளந்த அதே அறிஞர், பிற்காலத்தில் இன வன்முறை ஏன், எவ்வாறு நிகழ்கின்றது என்பதை 1986, 1992, 1996 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த நூல்களில் ஆராய்ந்தார். 1996 இல் வெளியான வலன்ரைன் டானியலின் நூல், தோட்டத் தமிழரின் அனுபவத்தையும் உள்ளடக்கி, வன்முறையை எழுத முற்படும் ஆய்வாளனின் சொற்கள் எவ்வளவு போதாதவை என்ற வினாவையும் எழுப்பியது.

முடிவுரை

நாடற்றோராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. சட்டம் தன் எல்லையை விரித்துக்கொள்ள 55 ஆண்டுகள் சென்றன. சமூகவியலும் தன் எல்லையை விரித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் எடுத்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது, கோட்பாடுகள் பயனற்றவை என்ற முடிவன்று. மார்க்ஸ் இன்றேல் துண்டும் கடனும் தனிமனிதக் கொடுமைகளாகவே தோன்றும். வெபர் இன்றேல் கங்காணியின் அதிகாரம் வெறும் தடியாகவே தெரியும். துர்க்கைம் இன்றேல் காமன் கூத்து பொழுதுபோக்காகவே படும். ஆனால், கோட்பாட்டைக் கற்பது என்பது பெயர்களையும் வரைவிலக்கணங்களையும் பரீட்சைக்கு மனனஞ் செய்வதன்று. ஒவ்வொரு கோட்பாட்டிடமும், “நீ சமூகம் எனக் கூறும்போது அதனுள் யாவர் உளர்?” என வினவும் பழக்கமே அக்கல்வியின் பயனாகும். பாத்த தும்பறையின் வீடுகளை எண்ணிய அதே பொறுமையோடு ஹேவாஹெட்டையின் லயங்களையும், இரண்டுக்குமிடையே அன்றாடம் நடந்து செல்லும் மனிதரையும், சிங்களத்திலும் தமிழிலும் கேட்டறிந்து எழுதும் ஆய்வுகள் பெருக வேண்டும். கிராமத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பேராதனையில் அப்பணி தொடங்கப்படுவதே பொருத்தமாகும்.